சேர்க்கை செய்யும் வேலை

பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். அந்தச் சேர்க்கை எப்படி வேலை செய்கிறது? நான் டிப்ளமா படித்த ரயில்வேக்காரன். மனோதத்துவம் என் துறையல்ல. ஆனால் இயங்கும் விதம் தெரியாமல் எதையும் பழுது பார்க்க முடியாது என்பதை அறிவேன். படித்தறிந்ததைத் தருகிறேன்.

அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ், சாமர்வில் நகரங்களில் 1939-ல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். சிறுவர்கள் குற்றவழியில் போகாமல் காப்பதே நோக்கம். 506 சிறுவர்களை ஒத்த ஜோடிகளாகப் பிரித்து, நாணயத்தைச் சுண்டி, ஜோடிக்கு ஒருவனுக்கு மட்டும் ஆலோசகர், பாட உதவி, கோடை முகாம் முதலிய வசதிகளை அளித்தார்கள். 1945-ல் திட்டம் முடிந்தது. சுமார் முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஜோன் மெக்கார்ட் என்ற அறிஞர் ஆராய்ந்தபோது, மீண்டும் குற்றம் செய்தவர்களும் குடிக்கு அடிமையானவர்களும் உதவி பெற்றோரிடையேதான் அதிகம்! அதிலும் ஒரு தடவைக்கு மேல் முகாமுக்குப் போனவர்களின் நிலையே மிக மோசம்.

ஏன் இப்படி? ஆரிகனில் தாமஸ் டிஷியன் குழுவினர் 1996-ல் வெளியிட்ட ஆய்வு விடை தருகிறது. 13, 14 வயதுச் சிறுவனையும் அவன் நண்பனையும் 25 நிமிடம் பேசவிட்டு வீடியோவில் பதிந்தார்கள். திருட்டு, அடிதடி பற்றிய பேச்சுக்கு நண்பன் சிரித்தால் அதே பேச்சு வளர்ந்தது. அப்படிச் சிரிப்புக் கிடைத்த பையன்களிடம் அடுத்த இரண்டாண்டில் தவறுகளும் கூடின. யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை. சிரிப்புதான் பரிசு.

தவறிய சிறுவர்களை மட்டும் ஓரிடத்தில் சேர்த்தால் இந்தப் பரிசு நாள் முழுதும் கிடைக்கும். நம் நாட்டின் 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டமும், இல்லத்தில் வைப்பதைக் கடைசி வழியாகவே கொள்கிறது. கூர்நோக்கு இல்லங்களில் வயதையும் குற்றத்தின் தன்மையையும் பார்த்துப் பிரித்து வைக்கச் சொல்கிறது.

நமக்கான பாடங்கள்:

1. மாற்றலாகி வந்த ஊரில், பாஷை தெரியாத பையன் தன் பேச்சுக்குச் சிரிக்கும் கூட்டத்தை நாடுவான். அவனுக்கு எங்கே சிரிப்புக் கிடைக்கிறது என்று கவனியுங்கள்.

2. சங்கத்தின் விளையாட்டுக்கும் நாடகத்துக்கும் அணி பிரிக்கும்போது, முரட்டுப் பிள்ளைகளை ஒரே அணியில் தள்ளாதீர்கள். அணிக்கு ஒருவராகக் கலந்து, பொறுப்பான பெரியவர் ஒருவரை உடன் வையுங்கள். பணிமனையில் புதிய பயிற்சியாளர்களை நாங்கள் ஆளுக்கொரு மூத்த ஃபிட்டரிடம்தான் ஒப்படைப்போம்.

3. "அவனோடு சேராதே" என்பதோடு நிறுத்தாதீர்கள். பையனின் நல்ல திறமைக்குக் கைதட்ட நாலு பேரைத் தேடிக் கொடுங்கள்.