தவிர்க்கக்கூடிய பார்வையிழப்பு

ஒரு குடும்பத்தில் ஒருவர் பார்வையை இழந்தால் இருவருடைய உழைப்பு குறைகிறது. பார்வையிழந்தவர் தம் தொழிலை விடுகிறார். அவருக்குத் துணையாக இருப்பதற்காக மகளோ மருமகளோ கூலி வேலையை விட நேர்கிறது. சில வீடுகளில் பேரக்குழந்தை பள்ளியை விடுகிறது. ஆகவே பார்வையிழப்பு சுகாதாரச் சிக்கலாக இருப்பதோடு வளர்ச்சிச் சிக்கலும் ஆகும். நம் நாட்டில் அதன் பெரும்பகுதி தடுக்கக்கூடியது அல்லது சிகிச்சையால் நீக்கக்கூடியது என்பது, திட்டமிடுவோர் முதலில் மனத்திற்கொள்ள வேண்டிய உண்மையாகும்.

அளவும் அளவுகோலும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1971-74ஆம் ஆண்டுகளில் நடத்திய ஆய்வு, மக்கள்தொகையில் 1.38 சதவீதத்தினர் பார்வையற்றோர் எனக் கண்டது. இதன் விளைவாக 1976-ல் தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் மத்திய அரசின் முழுச் செலவில் தொடங்கப்பெற்றது. பார்வையிழப்பை 0.3 சதவீதமாகக் குறைப்பது அதன் குறிக்கோள். 1986-89 ஆய்வில் விகிதம் 1.49 ஆக இருந்தது, 2001-02-ல் 1.1 ஆகவும், 2006-07-ல் 1.0 ஆகவும் குறைந்தது. 2015-19 தேசிய ஆய்வின் மதிப்பீடு 0.36 சதவீதம், அதாவது ஏறத்தாழ 48 லட்சம் மக்கள்.

இவ்வெண்களை ஒப்பிடும்போது ஓர் எச்சரிக்கை தேவை. முந்தைய ஆய்வுகள் 6/60-க்குக் குறைந்த பார்வையைப் பார்வையிழப்பு எனக் கொண்டன. இயல்பான கண்ணுக்கு 60 மீட்டர் தொலைவில் தெரியும் எழுத்து, 6 மீட்டரிலும் தெரியாத நிலை இது. உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோல் 3/60. 2017-ல் இந்தியாவும் இதனை ஏற்றுக்கொண்டது. எனவே விகிதத்தில் காணும் வீழ்ச்சியின் ஒரு பகுதி அளவுகோல் மாறியதால் ஏற்பட்டது. எஞ்சிய பகுதி உண்மையான முன்னேற்றமாகும்.

காரணங்கள்

2015-19 ஆய்வின்படி, 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் பார்வையிழப்பில் 66.2 சதவீதம் சிகிச்சை பெறாத கண்புரையால் விளைந்தது. கருவிழித் தழும்பு 8.2 சதவீதம்; கண்புரை அறுவையைத் தொடர்ந்த கோளாறுகள் 7.2 சதவீதம், கண்ணழுத்த நோய் 5.5 சதவீதம்.

கண்ணில் ஒளியைக் குவிக்கும் வில்லை முதுமையால் ஒளி ஊடுருவாதவாறு மங்குவதே கண்புரை. இதனை மருந்தால் கரைக்க இயலாது, அறுவையே வழி. கண்ணழுத்த நோயின் தன்மை வேறு. அதனால் இழந்த பார்வை மீளாது. எஞ்சியதைக் காக்கத்தான் இயலும். நீரிழிவால் விழித்திரை கெடுவதும் இத்தகையதே. இவ்விரண்டிலும் நோயை முன்கூட்டியே கண்டறிவது இன்றியமையாதது.

50 வயதுக்குட்பட்டோரிடையே கருவிழித் தழும்பே முதற் காரணம்; அதன் பங்கு 37.5 சதவீதம். அறுவடையின்போது நெற்கதிர் பட்டு ஏற்படும் சிறு கீறல் புண்ணாகிக் கருவிழியை வெண்மையாக்கிவிடக்கூடும். மருத்துவரை நாடாமல் பச்சிலைச் சாறும் தாய்ப்பாலும் கண்ணில் விடும் பழக்கம் தீங்கை மிகுவிக்கிறது.

வென்ற நோய்கள்

தடுப்பு முயற்சி பயன் தரும் என்பதற்கு நம் நாட்டு வரலாறே சான்று. பல்லாயிரவரின் கண்ணைப் பறித்த பெரியம்மை 1975-க்குப் பின் இந்தியாவில் பரவவில்லை. டிரக்கோமா என்னும் தொற்றுநோயை எதிர்த்து 1963-ல் தனித் திட்டம் தொடங்கிற்று. அது 1976-ல் தேசியத் திட்டத்துடன் இணைந்தது. பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து இந்நோயை இந்தியா நீக்கிவிட்டது என்று 2024 அக்டோபரில் உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது. மாலைக்கண்ணில் தொடங்கிக் கருவிழியையே அழிக்கும் வைட்டமின் ஏ குறைபாட்டைத் தடுக்க, 1970 முதல் சிறு குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அச்சத்து வாய்வழியே அளிக்கப்படுகிறது. கீரை, பப்பாளி, பால், முட்டை ஆகியவற்றை உணவில் சேர்ப்பதே நிலையான காப்பு.

அறுவைச் சிகிச்சை முறையும் மாறியுள்ளது. முன்னர் முகாம்களில் வில்லையை நீக்கித் தடித்த மூக்குக்கண்ணாடி கொடுப்பர். 1994 முதல் 2002 வரை தமிழ்நாடு உள்ளிட்ட ஏழு மாநிலங்களில் உலக வங்கி உதவியுடன் நடந்த திட்டம், கண்ணுள் செயற்கை வில்லை பொருத்தும் முறையைப் பரப்பியது. 1992-ல் மதுரையில் தொடங்கிய ஆரோலேப் நிறுவனம் இவ்வில்லைகளை உள்நாட்டிலேயே குறைந்த செலவில் ஆக்கியதும் பேருதவியாயிற்று. இன்று முகாமில் நோயாளியைக் கண்டறிந்து, மருத்துவமனையில் அறுவை செய்வதே முறை.

எஞ்சியிருக்கும் இடைவெளி

அவ்வாறாயின் கண்புரை ஏன் இன்னும் முதற் காரணமாக உள்ளது? விடையை ஆய்வின் உட்பிரிவுகள் தருகின்றன. 50 வயதைக் கடந்தோரில் எழுத்தறிவற்றோரிடையே பார்வையிழப்பு 3.23 சதவீதம்; பத்தாம் வகுப்பும் அதற்கு மேலும் படித்தோரிடையே 0.43 சதவீதம். ஆண்களிடையே 1.67 சதவீதமாக இருப்பது பெண்களிடையே 2.31 ஆகிறது. அறுவை இலவசமாயினும் பேருந்துக் கட்டணமும், இழக்கும் கூலியும், துணைக்கு வர ஆளின்மையும் குறுக்கே நிற்கின்றன. 'வயதானால் கண் மங்கத்தான் செய்யும்' என்ற எண்ணமும் பலரை வீட்டிலேயே இருத்திவிடுகிறது. குடும்பத்தில் கடைசியாகத் தன் உடல்நலத்தை எண்ணுபவள் முதியவளே.

மற்றொரு பாடமும் உண்டு. அறுவையைத் தொடர்ந்த கோளாறுகளின் பங்கு 7.2 சதவீதம் என்பது, அறுவைகளின் எண்ணிக்கையை இலக்காகக் கொள்வது மட்டும் போதாது என்று காட்டுகிறது. ஆறு வாரங்களுக்குப் பின் நோயாளி எவ்வளவு தொலைவு காண்கிறார் என்பதும் மாவட்டப் பதிவேட்டில் இடம்பெற வேண்டும். நல்ல கண்ணில் முன்பே அறுவை செய்தவரை மீண்டும் கணக்கில் சேர்ப்பதைவிட, இரு கண்ணும் தெரியாத ஒருவரைத் தேடிக் கொணர்வது மேலான பணி.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. கிராமச் சுகாதாரப் பணியாளர் வீடுதோறும் சென்று, மூன்று மீட்டர் தொலைவில் விரல்களைக் காட்டி எண்ணச் சொன்னாலே பார்வையற்றோர் பட்டியல் உருவாகும். ஊராட்சி ஊர்தி வசதி செய்து தரலாம். பள்ளி ஆசிரியர் கரும்பலகை தெரியாத மாணவரைக் கண்டு கண்ணாடிக்குப் பரிந்துரைக்கலாம். இறந்தோரின் கண்களை ஆறு மணி நேரத்துக்குள் தானமாகப் பெற உறவினரை இசைவிப்பது அனைவர்க்கும் இயன்ற தொண்டு.

மருத்துவ அறிவும் கருவியும் நம்மிடம் உள்ளன. அவற்றுக்கும் கிராமத்து முதியவளின் திண்ணைக்கும் இடையேயுள்ள தொலைவைக் குறைப்பதே இனிச் செய்யவேண்டிய பணியாகும்.