ஏரி வண்டலை வயலுக்கு அடிக்கும் முன்

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியில் ஏரிகளும் வயல்களும் தொழிற்பேட்டைகளும் அடுத்தடுத்து உள்ளன. கோடையில் ஏரி வண்டலை வயலுக்கு அடிப்பது பழைய வழக்கம். ஆனால், தண்ணீர் தெளிவாக இருப்பதால் வண்டலும் தூயது என்று எண்ணிவிடக் கூடாது.

முலாம் பூசும் தொழிலில் பயன்படும் குரோமியம், நிக்கல், துத்தநாகம் போன்ற உலோகங்கள் கழிவுநீரோடு ஏரியில் கலந்தால், களிமண் துகள்களில் ஒட்டி அடியில் தங்கிவிடும். இவை மக்கி அழிவதில்லை. சேற்றில் வாழும் புழு, நத்தை, மட்டி ஆகியவற்றை முதலில் பாதிக்கும். இவற்றைத் தின்றே பல மீன்கள் வளர்கின்றன.

ஒரு ரசாயனத்தின் நீண்டகாலத் தீங்கை அறிய, அதைச் சேற்றில் கலந்து, கொசுவைப் போன்ற ஒருவகைப் பூச்சியின் சிவப்புப் புழுக்களை 28 நாட்கள் அதில் வளர்ப்பார்கள். எத்தனை புழுக்கள் பூச்சியாகின்றன என்று எண்ணுவார்கள். தீங்கு காணப்படாத அளவை, செய்த சோதனைகளுக்கு ஏற்ப 10 முதல் 100 வரையுள்ள எண்ணால் வகுத்துப் பாதுகாப்பான அளவைக் கணிப்பார்கள். ஏரிச் சேற்றில் உள்ள அளவு இதை மிஞ்சினால் ஆபத்து.

வண்டலோடு வரும் உலோகம் வயலிலும் நெடுங்காலம் தங்கும். எனவே கழிவுநீர்க் கால்வாய் சேரும் இடத்தில் வண்டல் எடுக்கக் கூடாது. மற்ற பகுதியிலும் ஐந்தாறு இடங்களில் மாதிரி எடுத்துப் பரிசோதிப்பது நல்லது. சாதாரண மண் பரிசோதனையில் சத்துக்களின் அளவே தெரியும். கன உலோகங்களையும் எங்கே பரிசோதிக்கலாம் என்று வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் விசாரித்து அறியலாம். முடிவு தெரிந்த பின்பே வண்டல் அடிக்க வேண்டும்.