கிளட்ச் வழுக்கினால் எப்படித் தெரியும்? உராய்வுப் பாடத்துக்கு ஒரு பழைய கார்

உராய்வு பாடம் நடத்தும்போது தீக்குச்சி, தேய்ந்த செருப்பு, கேரம் பலகையில் தூவும் பவுடர் என்று சில எடுத்துக்காட்டுகளை நாம் எல்லோரும் சொல்கிறோம். உராய்வை நம்பியே ஓர் இயந்திரம் ஓடுகிறது, உராய்வு குறைந்தால் அது நின்றுபோகும் என்பதை மாணவர் கண்ணால் பார்க்கும் வாய்ப்பு குறைவு. ஆலங்காயத்தில் எங்களுக்கு அந்த வாய்ப்பு ஒரு பழைய மாருதி 800 வடிவில் வந்தது.

உடன் பணிபுரியும் ஆசிரியர் ஒருவரின் வண்டி அது. காவலூர் வானாய்வகம் இருக்கும் பக்கம் மலையேறும் சாலையில் வண்டி இழுக்கவில்லை என்றார். பட்டறையில் “கிளட்ச் செட் மாத்தணும் சார்” என்று சொல்லிவிட்டார்கள். பல ஆயிரம் ரூபாய்ச் செலவு. மாற்றாமல் விட்டால் மாலை நேரத்தில் ஏதாவதொரு கொண்டை ஊசி வளைவில் நிற்க வேண்டிவரும். மாற்றத்தான் வேண்டுமா என்ற கேள்வியை ஒன்பதாம் வகுப்பின் முன் வைத்தேன்.

முதலில் கிளட்ச் என்றால் என்ன என்று கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். தடித்த அட்டையில் இரண்டு வட்டங்கள் வெட்டி, ஒன்றின் முகத்தில் உப்புத்தாள் ஒட்டினோம். இரண்டையும் ஒரே கம்பியில் கோத்து, ஒன்றில் நூல் சுற்றிச் சிறு கல் தொங்கவிட்டோம். இறுக்கி அழுத்திக்கொண்டு மற்ற வட்டத்தைச் சுற்றினால் கல் மேலே வருகிறது. அழுத்தத்தைத் தளர்த்தினால் ஒரு வட்டம் மட்டும் சுற்றுகிறது, கல் அசைவதில்லை. அழுத்தம் குறையாமலே இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டாலும் அதே கதைதான். காரில் இன்ஜினோடு சுற்றும் ஃப்ளைவீல் ஒரு வட்டம், கியர்பெட்டிக்குச் செல்லும் கிளட்ச் பிளேட் இன்னொன்று, அழுத்தும் கை பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங். பெடலை மிதித்தால் அந்தக் கை விலகுகிறது.

பிறகு சந்தேகப் பட்டியல். வண்டி இழுக்காததற்குக் காரணம் கிளட்ச் மட்டுமா? இன்ஜின் பலம் குறைந்திருக்கலாம், பிரேக் பிடித்துக்கொண்டிருக்கலாம், சக்கரம் மண்ணில் சுழலலாம். ஒவ்வொன்றும் உண்மையானால் காதில் என்ன கேட்க வேண்டும், கண்ணில் என்ன தெரிய வேண்டும் என்று குழுக்களாக எழுதச் சொன்னேன். ஷேர் ஆட்டோ ஓட்டுநரின் மகன் ஒருவன், எழுத்தில் எப்போதும் பின்தங்குபவன், எழுந்து சொன்னான்: “கிளட்ச்னா சத்தம் மட்டும் ஏறும் சார். மரமெல்லாம் அதே வேகத்துலதான் பின்னாடி போகும்.” இதைவிடத் தெளிவாக எந்தக் கையேட்டிலும் நான் படித்ததில்லை.

அவன் சொன்னதைக் கணக்காக மாற்றினால் நேர்விகிதம் வருகிறது. கிளட்ச் முழுதாகப் பிடித்திருக்கும்போது, ஒரு கியரில் இன்ஜின் சுற்றுக்கும் சக்கரத்தின் சுற்றுக்கும் உள்ள விகிதம் மாறவே முடியாது. மூன்றாம் கியரில் நிமிடத்துக்கு 2000 சுற்றில் வேகம் 30 கி.மீ. என்றால், 3000 சுற்றில் 45 கி.மீ. வந்தாக வேண்டும். 36 கி.மீ.தான் வருகிறது, சக்கரமும் தரையில் சுழலவில்லை என்றால், 20 சதவீதம் கிளட்ச்சில் வழுக்கிப் போயிற்று. இன்ஜின் பலவீனம் என்றால் சத்தமும் ஏறாது, வேகமும் ஏறாது, விகிதம் கெடாது. பிரேக் பிடித்திருந்தாலும் விகிதம் கெடாது, சக்கரத்தின் நடுப்பகுதி சூடேறியிருக்கும். எங்கள் காரில் சுற்று காட்டும் மீட்டர் இல்லை. காதுதான் மீட்டர்.

மலையில் மட்டும், அதுவும் மூன்றாம் நான்காம் கியரில் மட்டும் ஏன் வழுக்குகிறது என்பது மாணவர்களைக் குழப்பியது. திருப்புவிசையைப் பெருக்கும் கியர்கள் கிளட்ச்சுக்குப் பிறகுதான் வருகின்றன. ஒரே ஏற்றத்தை இரண்டாம் கியரில் ஏறினால் கிளட்ச் சுமக்க வேண்டிய திருப்புவிசை குறைவு, நான்காம் கியரில் அதிகம். அதனால்தான் ஓட்டுநர் இரண்டாம் கியருக்கு இறங்கியதும் நோய் மறைந்துவிடுகிறது. வண்டி சரியாகிவிட்டது என்று நினைத்து இன்னும் சில மாதம் ஓட்டிவிடுகிறார்.

வழுக்கும் இடத்தில் வெப்பம் பிறக்கும். பதினொன்றாம் வகுப்புக்கு இது நல்ல கணக்கு: 50 நியூட்டன் மீட்டர் திருப்புவிசையைக் கடத்திக்கொண்டே கிளட்ச் நிமிடத்துக்கு 500 சுற்று வழுக்கினால் ஏறக்குறைய 2.6 கிலோவாட் வெப்பமாகிறது. 1000 வாட் இஸ்திரிப் பெட்டி இரண்டரை, ஒரு தட்டின்மேல்! ஏற்றத்தில் மூக்கைத் துளைக்கும் அந்த எரிந்த வாடைக்குக் காரணம் இதுதான்.

மைதானத்தில் நின்ற நிலைச் சோதனையும் செய்தோம். சமதளம், முழுதாக இழுத்த கைப்பிரேக், சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல், உரிமம் உள்ள ஓட்டுநர். மாணவர்கள் பக்கவாட்டில், தள்ளி. வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கக் கூடாது. மூன்றாம் கியர் போட்டு, லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, கிளட்ச்சை விடும்போது நல்ல கிளட்ச் என்றால் இன்ஜின் உடனே திணறி அணைந்துவிடும். எங்கள் வண்டி சில நொடி உறுமிக்கொண்டே இருந்து பிறகுதான் அணைந்தது. ஒருமுறை போதும், திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சமிருக்கும் பிளேட்டும் எரிந்துபோகும்.

ஆக, வழுக்கல் உண்மை. ஆனால் வழுக்குவது என்பதும் பிளேட் தேய்ந்தது என்பதும் ஒன்றல்ல. கேபிள் வைத்த பழைய வண்டியில் பெடலின் தொடக்கத்தில், கிளட்ச்சை விலக்கத் தொடங்கும் முன், சும்மா இறங்கும் தூரம் கொஞ்சம் இருக்க வேண்டும். பொதுவாக 15 முதல் 25 மி.மீ., சரியான அளவு அந்தந்த வண்டியின் கையேட்டில் இருக்கும். பிளேட் தேயத் தேய இந்தத் தூரம் கூடும் என்றுதான் மாணவர் எல்லோரும் ஊகித்தார்கள். உண்மையில் குறையும். பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் சீசாப் பலகை போன்றது: பிளேட் மெலிந்து வெளிவிளிம்பு முன்னே நகர்ந்தால், உள்விளிம்பு பின்னே வந்து ரிலீஸ் பேரிங்கைத் தொடும். தொட்டபின் யாரும் மிதிக்காமலே கிளட்ச் பாதி மிதித்த நிலையில் கிடக்கும். பெடல்மேல் எப்போதும் கால் வைத்து ஓட்டுவதும் இதே கேட்டைத்தான் செய்கிறது.

அளவுகோலை வைத்துப் பார்த்தபோது இந்த வண்டியில் அந்தத் தூரம் சுழியம். மெக்கானிக் கேபிளைத் தளர்த்தி 20 மி.மீ. வைத்தார். செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. மறுநாள் மலையில் மூன்றாம் கியர் பிடித்தது. நான்காம் கியரில், மூவர் ஏறிய நிலையில், இன்னும் வழுக்கல். அப்படியானால் மீதி இருப்பது தேய்மானம் அல்லது எண்ணெய்க் கசிவு. எண்ணெய் என்றால் ஆயில் சீலை மாற்றாமல் கிளட்ச் செட் மட்டும் மாற்றுவது வீண். பிரித்துப் பார்க்கச் சொன்னோம். உள்ளே எண்ணெய் இல்லை. தேய்மானம்தான். பட்டறைக்காரர் சொன்னது சரி. நாங்கள் செலவழித்தது நான்கு பாடவேளை, தெரிந்துகொண்டது ஏன் சரி என்பதை.

அந்தப் பழைய பிளேட் இப்போது எங்கள் ஆய்வகத்தில் இருக்கிறது. வெர்னியர் அளவியின் ஆழக்கம்பியால் ரிவெட் தலை எவ்வளவு கீழே இருக்கிறது என்று மாணவர் அளக்கிறார்கள். சில இடங்களில் மேற்பரப்போடு சமமாகவே இருக்கிறது. உங்கள் ஊர்ப் பட்டறையிலும் இப்படி ஒன்று பழைய இரும்பு விலைக்குக் கிடைக்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பழைய பிளேட்டுகளின் உராய்வுப் பூச்சில் கல்நார் இருக்கலாம். தூசியை ஊதவோ தட்டவோ உப்புத்தாளால் தேய்க்கவோ வேண்டாம். பட்டறையிலேயே ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்திவிட்டு, பிறகு வகுப்புக்குக் கொண்டுவாருங்கள்.