பாட்டியின் பெட்டியில் இருக்கும் வெள்ளி எவ்வளவு வெள்ளி?

ரிங்கிட்டை நாம் இன்றும் 'வெள்ளி' என்றுதான் சொல்கிறோம். "கிலோ எட்டு வெள்ளி" என்றால் கடைக்காரருக்கு உடனே புரிகிறது. ஆனால் நம் பணப்பையில் இருக்கும் எந்த ரிங்கிட்டிலும் வெள்ளி உலோகம் கிடையாது. மலாய்ச் சொல்லுக்கும் இதே கதைதான். 'ரிங்கிட்' என்றால் பல் பல்லான விளிம்பு என்று பொருள். ஸ்பானிய வெள்ளி டாலரின் ஓரத்தைப் பார்த்து வந்த பெயர் அது. காசின் ஓரத்தை யாராவது சுரண்டி வெள்ளியைத் திருடினால், பற்கள் மழுங்கிக் காட்டிக் கொடுத்துவிடும்.

அந்தக் காலத்து வெள்ளிக் காசுகள் ரந்தாவ், சிலியாவ், லாபு, பகாவ் பக்கத்துத் தோட்டங்களில் வாழ்ந்த குடும்பங்களிடம் இன்னும் ஒன்றிரண்டு இருக்கின்றன. சில தகரப் பெட்டியில் துணியில் முடிந்து கிடக்கும். சில காசு மாலையில் வளையம் பற்றவைத்துத் தொங்கும். லயத்தைக் காலி செய்து தாமானுக்குக் குடிபோகும்போது, இவை பழைய பொருள் வாங்குபவரிடம் எடைக்குப் போய்விடுகின்றன. மறுபக்கம், இரவுச் சந்தையில் 'பழைய டாலர்' என்று போலிகளை நல்ல விலை கொடுத்து வாங்குகிறவர்களும் உண்டு. இரண்டு நட்டத்தையும் தடுக்கப் பள்ளி இயற்பியல் போதும்.

முதலில் காசில் என்ன இருந்திருக்க வேண்டும் என்று தெரிய வேண்டும். 1903க்கு முன் இங்கே மெக்சிகோ டாலரும் பிரிட்டிஷ் வணிக டாலரும் கலந்து புழங்கின. 1903இல் ஏழாம் எட்வர்ட் மன்னரின் தலை பொறித்த ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ் டாலர் வந்தது. நெகிரி செம்பிலான் அன்று மலாய் ஐக்கிய மாநிலங்களில் ஒன்று. இங்கும் அதே பணம்தான். அதன் எடை 26.95 கிராம். நூற்றுக்கு 90 பங்கு வெள்ளி, மீதி செம்பு. சுத்த வெள்ளி மிக மென்மையானது; செம்பு சேர்த்தால்தான் கைமாறும்போது விரைவில் தேயாது.

1906இல் டாலரின் மதிப்பை 2 ஷில்லிங் 4 பென்ஸ், அதாவது 28 பென்ஸ் என்று நிலைநிறுத்தினார்கள். சிக்கல் அங்கே தொடங்கியது. உலகச் சந்தையில் வெள்ளி விலை ஏறி, காசுக்குள் இருக்கும் உலோகம் 28 பென்ஸைத் தாண்டினால் என்ன ஆகும்? காசாகச் செலவு செய்வதைவிட உருக்கி விற்பதே லாபம். அதனால் 1907இல் டாலரை 20.21 கிராமாகச் சிறிதாக்கினார்கள். முதல் உலகப் போருக்குப் பின் வெள்ளி விலை மறுபடியும் எகிற, 1919இல் ஐந்தாம் ஜார்ஜ் டாலர் 16.85 கிராமுக்கு இறங்கியது. வெள்ளியும் பாதியாகக் குறைந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1903 டாலரில் 24.26 கிராம் வெள்ளி. 1919 டாலரில் 8.43 கிராம். பெயரும் மதிப்பும் ஒன்றுதான், உள்ளே இருப்பது மூன்றில் ஒரு பங்கு. 1920களின் இறுதியில் பல தோட்டங்களில் ஆணுக்கு நாள் கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அந்த 50 காசு நாணயத்தில் இருந்த வெள்ளி நாலு கிராம் சொச்சம்.

இனி சோதனை. 0.01 கிராம் வரை காட்டும் சிறிய மின்னியல் தராசு, ஒரு பிளாஸ்டிக் குவளை, தையல் நூல், இவ்வளவுதான் தேவை. காசை உலர்வாக எடை போடுங்கள். பிறகு குவளையில் பாதித் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, எண்ணைப் பூச்சியமாக்குங்கள். காசை நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுவதும் மூழ்கவிடுங்கள். அடியிலோ பக்கத்திலோ படக்கூடாது, குமிழி ஒட்டியிருக்கக்கூடாது. நீர் காசை மேலே தள்ளுகிறது. அதே அளவு விசையால் காசு நீரைக் கீழே தள்ளுகிறது. தராசு காட்டுவது அந்த விசையைத்தான். ஆர்க்கிமிடீஸ் சொன்னபடி அது இடம்பெயர்ந்த நீரின் எடை. ஒரு கிராம் நீர் ஒரு கன சென்டிமீட்டர் என்பதால், தராசில் தெரியும் எண்ணே காசின் கன அளவு. எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி.

சுத்த வெள்ளியின் அடர்த்தி 10.49, செம்பின் அடர்த்தி 8.96. ஆகவே 90 விழுக்காட்டுக் காசு 10.3 அளவில் வர வேண்டும். பாதி வெள்ளிக் காசு 9.6 அளவில். செம்பு நிக்கல் கலவை 8.9ஐ ஒட்டியே நிற்கும். என் மாணவி ஒருத்தி கொண்டுவந்த 1903 டாலர் தேய்ந்து 26.61 கிராமாக இருந்தது, நீரில் 2.58 காட்டியது. வகுத்தால் 10.31. இரவுச் சந்தையில் வாங்கிய அதன் 'அண்ணன்' அதே பருமனில் 22.40 கிராம், நீரில் 2.63. விடை 8.52. அது வெள்ளி முலாம் பூசிய பித்தளை போன்ற ஏதோ ஒன்று.

சில எச்சரிக்கைகள். 1939 இருபது காசில் 75 விழுக்காடு வெள்ளி, 1943, 1945 என்று பொறித்தவற்றில் பாதிதான். ஆண்டைப் பார்க்காமல் 'போலி' என்று முடிவு கட்டாதீர்கள். இப்படிச் சின்னக் காசுகளைத் தனியாக அளந்தால் பிழை பெரிதாகும். ஒரே ஆண்டுக் காசுகள் ஐந்தாறை ஒன்றாகக் கட்டி அளப்பது நல்லது. வளையம் பற்றவைத்த காசில் பற்றாசும் சேர்ந்து கணக்கைக் கெடுக்கும். காந்தம் ஒட்டினால் வெள்ளி அல்ல என்பது சரி, ஆனால் 1947 இந்திய ரூபாய் காந்தத்தில் ஒட்டும்; அது நிக்கலில் அடித்த உண்மையான நாணயம்.

காசு கறுத்திருக்கிறதே, தேய்க்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். அந்தக் கறுப்பு வெள்ளி சல்ஃபைடு. காற்றில் இருக்கும் கந்தகச் சேர்மங்களோடு வெள்ளி சேர்ந்து உண்டாவது. திருநீறு போட்டுத் தேய்த்தால் குத்துவிளக்குக்குப் பளபளப்பு வரும். காசுக்கோ மன்னரின் தலைமுடிக் கோடுகள் போகும். அலுமினியத் தாள், சமையல் சோடா, வெந்நீர் முறை சல்ஃபைடை மீண்டும் வெள்ளியாக்கும். கொலுசுக்கு அது போதும். சேகரிப்பவர்கள் அப்படிக் கழுவிய காசைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்து விலையைக் குறைத்துவிடுவார்கள்.

காசுகளை அடுக்கி ரப்பர் வளையம் போட்டு வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் அதிகம். கடையில் வாங்கும் ரப்பர் வளையம் பாலைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதியாக்கியது. 1839இல் சார்ல்ஸ் குட்இயர் கண்ட வழி அது. மிஞ்சிய கந்தகம் மெல்ல வெளியேறி, வளையம் பட்ட இடத்தில் கரிய கோடாகப் பதிந்துவிடும். ரப்பர் வெட்டிச் சேர்த்த காசுக்கு ரப்பரே எதிரி! ஒவ்வொரு காசையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு, எடை, அடர்த்தி, யாருடைய காசு, எந்தத் தோட்டம் என்று உறையின் மேல் பென்சிலால் எழுதி வையுங்கள். எழுதிய பிறகு காசை உள்ளே போடுங்கள்; பென்சில் அழுத்தம்கூட மென்மையான வெள்ளியில் பதியும்.