விம்கோ நகருக்கு அப்பால்

விம்கோ நகர் வரை வந்த சென்னை மெட்ரோவைக் காட்டுப்பள்ளிக்கு நீட்டினால் எந்த வழி நல்லது? எண்ணூர் கடலோரமா, மீஞ்சூர் பக்கமா?
– வாசகர், காட்டுப்பள்ளி

மீஞ்சூர் பக்கம்தான். வரைபடத்தில் கடலோரம் கிட்டத்தில் தெரியும். ஆனால் கொசஸ்தலையாற்றின் முகத்துவாரம் குறுக்கே கிடக்கிறதே! சாம்பலும் சேறும் தூர்த்தது போக மிஞ்சியிருக்கும் நீரோட்டம் அது. இடுப்பளவுத் தண்ணீரில் இறாலைக் கையால் தடவிப் பிடித்துப் பறியில் போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அங்கே தூண் இறக்க எனக்கு மனம் வராது. தவிர, அனல்மின் நிலையம், துறைமுகம் என்று நீளும் அந்த வழியில் நாள் முழுக்க ஏறி இறங்க ஆள் ஏது?

2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகருக்கு நீண்ட 9 கி.மீ. பாதை, வீடும் கடையும் நெருங்கிய இடங்களை ஒட்டியே போகிறது. மீஞ்சூர் பக்கமும் அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம் என்று ஊர்கள் வரிசையாக இருக்கின்றன.

மெட்ரோவுக்காகக் காத்திருக்க வேண்டாம். கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் இப்போதே மீஞ்சூரில் நிற்கிறது. துறைமுகத்தில் ஷிப்டுக்கு வருகிறவர் ரயிலிறங்கியதும் ஸ்டேஷன் வாசலில் காட்டுப்பள்ளி பஸ் நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஷிப்ட் நேரங்களைக் குறித்து, கிராமசபையில் தீர்மானம் போட்டு மாநகரப் போக்குவரத்துக் கழகத்துக்கு அனுப்புங்கள்.