கண்ணுக்குத் தெரியும் தமிழ் கணினிக்குத் தெரியுமா?

இடைநிலைப் பள்ளி ஒன்றின் தமிழ்மொழிக் கழகம் பொன்விழா மலரைத் தயாரிக்கத் தொடங்கியது. ஐம்பது ஆண்டுகளில் வெளிவந்த பள்ளி மலர்கள் அனைத்தும் பிடிஎஃப் கோப்புகளாக நூல்நிலையத்தில் இருந்தன. அவற்றிலிருந்து நல்ல கட்டுரைகளைத் தேடித் தொகுக்கும் பணி இரண்டு மாணவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் 1990களில் வெளிவந்த மலர் ஒன்றைத் திறந்து, தேடல் கட்டத்தில் ‘தமிழ்’ என்று தட்டச்சு செய்தார்கள். அச்சொல் எங்கும் இல்லை என்றது கணினி. ஆனால், திரையில் தெரிந்த பக்கத்தின் தலைப்பிலேயே ‘தமிழ்’ என்னும் சொல் பெரிய எழுத்தில் இருந்தது! அச்சொல்லை நகலெடுத்து வேறொரு கோப்பில் ஒட்டினார்கள். ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் வந்து விழுந்தன.

இது கணினியின் பிழையன்று. கணினி எழுத்துகளை வடிவங்களாக நினைவில் வைத்திருப்பதில்லை, எண்களாகவே வைத்திருக்கிறது. எந்த எண்ணுக்கு எந்த வடிவத்தைக் காட்ட வேண்டும் என்பதை எழுத்துரு சொல்கிறது. அந்த மலர் ‘பாமினி’ என்னும் எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது. அதில் ஆங்கில ‘ஜே’ எழுத்துக்குரிய எண் ‘த’ என்னும் வடிவத்தைக் காட்டும். அரைப்புள்ளிக்குரிய எண் மெய்யெழுத்தின் புள்ளியைக் காட்டும். கண் தமிழைக் கண்டது. கணினியின் நினைவிலோ ஆங்கில எழுத்துகளே இருந்தன.

அக்காலத்தில் மென்பொருள் உருவாக்கியோர் தத்தம் விருப்பப்படி எண்களை ஒதுக்கினர். ஒருவர் அனுப்பும் கோப்பை மற்றவர் படிக்க, அதே எழுத்துரு அவரிடமும் இருக்க வேண்டியிருந்தது. இக்குழப்பத்தைத் தீர்க்க அறிஞர்கள் பலர் முயன்றனர். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியும் மலேசியாவில் ‘முரசு’ மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறனும் அவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள். 1997ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடும், 1999ஆம் ஆண்டில் சென்னையில் அடுத்த மாநாடும் நடைபெற்றன. உலக மொழிகள் அனைத்தின் எழுத்துகளுக்கும் தனித்தனி எண் வழங்கும் ஒருங்குறி முறையில் தமிழ் 1991ஆம் ஆண்டிலேயே இடம்பெற்றுவிட்டது. எனினும், 2000ஆம் ஆண்டுக்குப் பின்னரே அது மக்களிடையே பரவலாயிற்று. ஆகவே, அதற்கு முந்திய கோப்புகள் பலவும் பழைய எழுத்துருக்களிலேயே தங்கிவிட்டன.

மாணவர்கள் அடுத்து 2010களில் வெளிவந்த மலரைத் திறந்தார்கள். அது ஒருங்குறி எழுத்துருவில் அமைந்தது. எனினும், ‘போட்டி’ என்று தேடியபோது ஒன்றும் கிடைக்கவில்லை. ‘பாட்டி’ என்று தேடினால், விளையாட்டுப் போட்டி பற்றிய செய்திகள் வரிசையாக வந்தன! இதற்கும் காரணம் உண்டு. ஒருங்குறியில் முதலில் ‘ப’ என்னும் எழுத்தும் அதன்பின் ‘ஓ’காரக் குறியும் பதிவாகும். திரையிலோ அக்குறி இரண்டாகப் பிரிந்து, இரட்டைக்கொம்பு ‘ப’வுக்கு முன்னும் கால் அதற்குப் பின்னும் நிற்கும். பிடிஎஃப் கோப்பின் முதன்மை நோக்கம் பக்கம் எல்லாக் கணினிகளிலும் ஒரே மாதிரி தோன்ற வேண்டும் என்பதே. அதனால், அது வடிவங்களைக் கண்ணுக்குத் தோன்றும் வரிசையில் அடுக்கி வைக்கிறது. எந்த வடிவம் எந்த எழுத்தைக் குறிக்கிறது என்னும் அட்டவணை கோப்புக்குள் சரியாக அமையாவிட்டால், கொம்பு தனியே பிரிந்துவிடும். ‘பாட்டி’ எஞ்சி நிற்பார்.

1970களின் மலரில் வேறொரு சிக்கல். அதில் ஒரு சொல்லைக்கூடத் தெரிவுசெய்ய முடியவில்லை. அது வருடியால் எடுக்கப்பட்ட படம். அதில் எழுத்தே இல்லை.

ஆக, சிக்கல் ஒன்றன்று, மூன்று. எது என்று அறியாமல் தீர்வைத் தேடினால் உழைப்பு வீணாகும். ஒரு சிறிய சோதனை போதும். பக்கத்தில் உள்ள ஒரு வரியை நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள். ஆங்கில எழுத்துகளோ புரியாத குறிகளோ வந்தால், அது பழைய எழுத்துரு. கொம்பும் காலும் இடம் மாறி வந்தால், உள் அட்டவணையில் குறை. எதையும் தெரிவுசெய்ய முடியாவிட்டால், அது படம்.

பழைய எழுத்துருச் சிக்கலுக்கு ‘எழுத்துரு மாற்றி’ என்னும் மென்பொருள் உதவும். கோப்பின் பண்புகள் பகுதியில் எழுத்துருவின் பெயரைக் கண்டறிந்து, அதற்குரிய மாற்றியில் உரையை இட்டால் ஒருங்குறி உரை கிடைத்துவிடும். பெயரைத் தவறாகத் தெரிவுசெய்தால் உரை மேலும் சிதையும். இரண்டாம் வகைச் சிக்கலுக்குச் சிறந்த வழி, பிடிஎஃப் ஆக்குவதற்கு முன் இருந்த மூலக் கோப்பைத் தேடிப் பெறுவதுதான். அது கிடைக்காவிட்டால், பக்கத்தைப் படமாகக் கருதி மூன்றாம் வழியைப் பின்பற்றலாம்.

மூன்றாம் வழி எழுத்துணரி. இது படத்தில் உள்ள வடிவங்களைப் பார்த்து, இன்ன எழுத்து என்று கணிக்கும் மென்பொருள். இதனைப் பயன்படுத்தும்போது மொழி ‘தமிழ்’ என்று தெரிவுசெய்யப்பட்டுள்ளதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஆங்கிலம் என்று இருந்தால், அது தமிழ் வடிவங்களை ஆங்கில எழுத்துகளாகவும் எண்களாகவும் கணித்துவிடும். பக்கத்தைக் கோணலின்றி, ஓர் அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்னும் அளவில் வருடுவது நல்லது. அவ்வாறு செய்தாலும் பிழைகள் வரும். ‘ர’வும் துணைக்காலும் ஒத்திருப்பதால் ‘மரம்’ ‘மாம்’ ஆகலாம். மங்கிய அச்சில் மெய்ப்புள்ளி மறைந்து ‘மன்றம்’ ‘மனறம’ ஆகலாம். தமிழ்நாட்டு அரசு 1978ஆம் ஆண்டில் ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் பின்னர் இங்கும் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் ணை, லை, ளை, னை ஆகியவை தும்பிக்கை போன்ற வளைவுடன் அச்சிடப்பட்டன. இன்றைய வடிவங்களில் மட்டும் பயிற்சி பெற்ற எழுத்துணரி அவற்றைக் கண்டு தடுமாறும்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. எழுத்துணரி பெரும்பாலும் படத்தை அப்படியே விட்டுவிட்டு, தான் கணித்த உரையை அதன் அடியில் மறைவாக வைக்கிறது. திரையில் பிழையே தெரியாது. எனவே, உரையைத் தனியே நகலெடுத்து, மூலத்தோடு ஒப்பிட்டு மெய்ப்புப் பார்க்க வேண்டும். மாணவர்கள் அப்படித்தான் செய்தார்கள். ஒருவர் மூலத்தை உரக்கப் படித்தார். மற்றவர் உரையைத் திருத்தினார். வேலை மெதுவாகவே நடந்தது. ஆனால், பள்ளியின் முதல் தமிழ்மன்றச் செயலாளர் எழுதிய கட்டுரை ஒன்று அப்போதுதான் அவர்கள் கண்ணில் பட்டது. அவர் பெயரில் ஒரு புள்ளி மறைந்திருந்ததால், முன்பு எத்தனை முறை தேடியும் அது கிடைக்கவில்லை.

தேடக் கிடைக்காத எழுத்து, இருந்தும் இல்லாதது போன்றதே. பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக் காட்டும் செயலியும் இத்தகைய கோப்பின் முன் வாயடைத்து நிற்கும். ஆகவே, இன்று நாம் உருவாக்கும் கோப்புகளில் கவனம் வேண்டும். ஒருங்குறியில் தட்டச்சு செய்வோம். சேமிக்கும்போது எழுத்துருவைக் கோப்பினுள் பொதித்து வைப்போம். மூலக் கோப்பையும் உடன் பாதுகாப்போம். அனுப்புவதற்கு முன் ஒரு வரியை நகலெடுத்து ஒட்டிப் பார்ப்போம். அடுத்த ஐம்பது ஆண்டுகள் கழித்து நூற்றாண்டு மலரைத் தொகுக்கப்போகும் மாணவர்கள் நம் எழுத்தைத் தேடினால், அது அவர்களுக்குக் கிடைக்கட்டும்.