உனக்கு நீயே கட்டும் தண்டல்

அன்புள்ள மகளுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். கல்லூரிக்குப் போகத் தொடங்கியதிலிருந்து உன் கையில் தினமும் கொஞ்சம் காசு புழங்குகிறது என்று உன் அம்மா சொன்னாள். கூடவே இன்னொன்றும் சொன்னாள். கடையில் மீதி மூன்று ரூபாய்க்காக நீ நிற்பதில்லையாம். கேட்டால், "மூணு ரூபாய்ல என்னம்மா வந்துடப் போகுது?" என்கிறாயாம். கேள்வி நியாயமானதுதான். அதனால் திட்டாமல், கணக்கோடு பதில் சொல்கிறேன்.

சில்லறையின் அருமை நன்றாகத் தெரிந்த ஒருவர் நம் தெருக்களில் தினமும் வந்து போகிறார். அவர் கடன் கொடுத்துத் தினமும் தவணை வசூலிக்கும் தண்டல்காரர். சென்னைக் காசிமேட்டில் மீன் எடுத்து விற்கும் பெண்களையும், தெருமுனையில் இட்லிக்கடை போட்டிருப்பவர்களையும் கேட்டுப் பார், கணக்கை ஒப்பிப்பார்கள். கடன் என்று எழுதுவது 10,000 ரூபாய். முன்பிடித்தம் போகக் கையில் வருவது 9,000 அல்லது 8,500. தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். அந்தப் பிடித்தம்தான் வட்டி. 8,500 கையில் வாங்கியவருக்கு அது, ஆண்டுக் கணக்கில் பார்த்தால் 100 விழுக்காட்டைத் தாண்டிவிடும்.

மீன் விற்று முடித்த பெண் ஒருவர் சாயங்காலம் காசு எண்ணுவதைக் கவனித்துப் பார். சுருக்குப் பையை அன்னக்கூடையின் பக்கத்தில் கொட்டுவார். ஈரத்தில் ஒட்டிக்கொண்ட பத்து ரூபாய்த் தாள்களை ஒவ்வொன்றாகப் பிரிப்பார். செதில் ஒட்டிய நாணயங்களைப் புடவையில் துடைத்து அடுக்குவார். ஐஸுக்கு ஒரு பங்கு, ஷேர் ஆட்டோவுக்கு ஒரு பங்கு, மறுநாள் முதலுக்கு ஒரு பங்கு. இவை எல்லாவற்றுக்கும் முன்னால் தண்டலுக்கு ஒதுக்கியாகிவிடும். வீட்டுக்கு வருவது மிச்சம்தான். தண்டல்காரர் வந்து அட்டையில் குறித்துவிட்டுப் போவார். வியாபாரம் படுத்த நாளிலும் அந்த 100 ரூபாயை எங்கிருந்தாவது புரட்டிவிடுகிறார்கள்.

இதிலிருந்து எனக்குத் தெரிவது ஒன்றுதான். தினம் ஒரு சிறு தொகையைத் தவறாமல் எடுத்து வைக்கும் திறமை நம் பெண்களுக்கு நிறையவே இருக்கிறது. ஆனால், சேருவது இன்னொருவர் பெட்டியில். நாம் அலட்சியமாக விடும் சில்லறையும் அப்படித்தான் யாரிடமாவது போய்ச் சேருகிறது. அது உன்னிடம் சேரட்டும். அந்தத் தண்டலை உனக்கு நீயே கட்டு.

சிக்கனமாக இருந்தால் வறுமை ஒழிந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். கூலியே போதாத வீட்டில் சேமிக்கச் சொல்வது கொடுமை. ஆனால், முதன்முதலாகத் தண்டலுக்குப் போனது எதற்கு என்று அந்தப் பெண்களைக் கேட்டுப் பார். பிள்ளையின் காய்ச்சல், தேர்வுக் கட்டணம், தீர்ந்துபோன சிலிண்டர் என்று ஆயிரம் இரண்டாயிரத்தில் முடிகிற காரியமாகத்தான் இருக்கும். அந்த முதல் வாசலை அடைக்கச் சில்லறை போதும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது உனக்கு நினைவிருக்கும். சென்னை எர்ணாவூரில் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் சேர்ந்து வீடுகளுக்குள் புகுந்தது. கரண்ட் இல்லை, செல்போனில் சிக்னல் இல்லை என்றால் ஜிபேயும் இல்லை. அரசு அறிவித்த 6,000 ரூபாய் நிவாரணம் அந்த மாதத்தின் நடுவில்தான் கைக்கு வரத் தொடங்கியது. இடைப்பட்ட நாட்களில் பாலுக்கும் மெழுகுவத்திக்கும் குடிநீருக்கும் கையில் இருக்கும் காசுதான் உதவும். இருநூறு முந்நூறு ரூபாய்ச் சில்லறை எப்போதும் வீட்டில் இருக்கட்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

சிறு காசை மதித்தவர்களால் பெரிய காரியங்கள் நடந்திருக்கின்றன. 1880இல் இங்கிலாந்தில் தபால் துறைக்குப் பொறுப்பாக இருந்த ஹென்றி பாசெட், ஒரு பென்னி தபால்தலையாக வாங்கி வாங்கித் தாளில் ஒட்டி, 12 சேர்ந்ததும் ஒரு ஷில்லிங்காகக் கணக்கில் போடலாம் என்று ஏற்பாடு செய்தார். நம் நாட்டு அஞ்சலகச் சேமிப்பு வங்கி 1882இல் வந்தது. நம் சென்னையிலேயே 1978இல் ஜெயா அருணாசலம் உழைக்கும் பெண்கள் அமைப்பைத் தொடங்கி, வட்டிக்காரர்களை நம்பியிருந்த சிறு வியாபாரப் பெண்களை ஒன்று சேர்த்தார். 1989இல் தர்மபுரியில் அரசு தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கும் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்ட சேமிப்புதான் அடித்தளம். அந்தச் சேமிப்பைக் காட்டித்தான் பிற்பாடு வங்கியில் கடன் கேட்க முடிந்தது.

இனி உன் மூன்று ரூபாய்க்கு வருகிறேன். தினம் மூன்று ரூபாய் என்றால் மாதம் 90. இன்னொரு பத்து ரூபாய் போட்டால் 100. அஞ்சலகத் தொடர் வைப்புக் கணக்குக்கு மாதம் 100 ரூபாயே போதும். ஐந்து ஆண்டில் நீ கட்டுவது 6,000. 2024இல் இருந்த 6.7 விழுக்காடு வட்டிப்படி கையில் வருவது ஏறக்குறைய 7,136 ரூபாய். தினம் பத்து ரூபாய் எடுத்து வைத்து மாதம் 300 கட்டினால் 21,000 ரூபாயைத் தாண்டும். பணக்காரியாக இது போதாது. ஆனால், வாழ்க்கையில் ஒரு தண்டலையாவது தவிர்க்க இது போதும்.

எங்கிருந்து எடுப்பது என்று கேட்பாய். சாதாரணக் கட்டண அரசுப் பேருந்தில் 2021 மே மாதத்திலிருந்து பெண்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை. அந்தப் பேருந்தில் போகிற நாளில் மிஞ்சும் பஸ் காசை அன்றைக்கே தனியாக எடுத்து வை. டீலக்ஸ் பேருந்தில் போனால், கண்டக்டர் டிக்கெட்டின் பின்னால் எழுதித் தரும் மீதியை இறங்கும் முன் கேட்டு வாங்கு. கடையில் சில்லறைக்குப் பதில் சாக்லேட் நீட்டினால், வேண்டாம், காசாகவே கொடுங்கள் என்று மரியாதையாகச் சொல். உன் காசை நீ கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பத்து ரூபாய் நாணயத்தை யாராவது செல்லாது என்றால் நம்பாதே. அதுவரை வந்த 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஐம்பது காசும் சட்டப்படி செல்லும். 2011 ஜூன் 30இலிருந்து செல்லாமல் போனவை 25 காசும் அதற்குக் கீழ்ப்பட்டவையும்தான்.

ஆனால், காசை உண்டியலிலேயே ஆண்டுக்கணக்கில் பூட்டி வைக்காதே. விலை ஏற ஏறக் காசின் மதிப்பு குறையும். 14 ஆண்டுகளாக ஒரு ரூபாய்க்கு விற்ற தீப்பெட்டி 2021 டிசம்பர் 1 முதல் இரண்டு ரூபாய் ஆனது. அத்தனை ஆண்டும் உண்டியலில் கிடந்த ஒரு ரூபாயால் இன்று ஒரு தீப்பெட்டிகூட வாங்க முடியாது. அதனால் சில்லறை வீட்டில் தங்குவது ஒரு மாதம், மிஞ்சினால் இரண்டு மாதம். அவசரத்துக்கு வைக்கும் இருநூறு முந்நூறு மட்டும் இதற்கு விலக்கு.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எண்ணி, ஒரு நோட்டில் தேதி போட்டு எழுது. நூறு சேர்ந்ததும் தெருவில் இருக்கும் டீக்கடையிலோ பெட்டிக்கடையிலோ கொடுத்துத் தாளாக மாற்றிக்கொள். சில்லறைக்குத் தவிப்பவர்கள் அவர்கள், சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள். தாளைக் கணக்கில் கட்டிவிடு. ஜிபேயில் செலவு செய்கிற நாளிலும் பத்து ரூபாயைச் சேமிப்புக் கணக்குக்கு அனுப்பிவிடு. நோட்டில் எழுதுவதை மட்டும் விடாதே. எழுதாத சேமிப்பு நிற்காது.

சேமிப்பதற்காகப் பசியோடு இருக்காதே. புத்தகத்துக்கும் மருந்துக்கும் கணக்குப் பார்க்காதே. தோழிக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்கவும் தயங்காதே. கஞ்சத்தனம் வேறு, சிக்கனம் வேறு என்பது உனக்குத் தெரியும்.

இந்த வாரமே அஞ்சலகத்துக்குப் போய்க் கணக்கைத் தொடங்கு. உன் தெருத் தோழிகள் நாலைந்து பேரையும் அழைத்துப் போ. உங்கள் தலைமுறைப் பெண்கள் தண்டல் அட்டையைக் கையில் வாங்காமலே வாழ வேண்டும். அதைச் செய்து காட்ட உங்களால் முடியும்.

அன்புடன்,
உன் பெரியம்மா